சிமிலர் என்று எழுதலாமா, ஹோமாலகஸ் என்று எழுத வேண்டுமா?

கேள்வி, ஜூன் 2

உயிர்வேதியியல் ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வரைவைப் பார்த்த நெறியாளர் ‘சிமிலர்’ வந்த இடமெல்லாம் வட்டம் போட்டு, ‘பேச்சு வழக்கு வேண்டாம், டெக்னிக்கல் சொல் போடு’ என்று குறித்திருக்கிறார். ஹோமாலகஸ், அனலாகஸ், ஈக்விவலன்ட், கம்பேரபிள், ஐடென்டிகல் என்று ஒரு பட்டியல் எடுத்து வைத்திருக்கிறேன். இடத்துக்கு ஒன்றாக மாற்றிப் போட்டால் நடையும் உயரும், துல்லியமும் வரும் என்பது என் எண்ணம். சரிதானே?

ஜூன் 2, இரவு

சரியில்லை. இப்போது மங்கலாக இருக்கும் வாக்கியங்கள், அப்படி மாற்றினால் தவறான வாக்கியங்களாகிவிடும். மங்கல் தெளியும், தவறு அச்சில் நிற்கும்.

அந்தப் பட்டியலில் உள்ளவை ஒரே பொருளின் உயர்ந்த, தாழ்ந்த வடிவங்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு தனி உறவைச் சொல்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை உண்டு. அதோடு, சிமிலர் வெறும் பேச்சுச் சொல்லும் இல்லை. பல துறைகளில் அதற்கே கறாரான வரையறை இருக்கிறது. வழக்குப் பொருளும் துறைப் பொருளும் ஒரே சொல்லில் குடியிருப்பதுதான் தலைவலி.

மேசையில் இருக்கும் தாளை எடுங்கள். ஏ4 தாள் 210 × 297 மில்லிமீட்டர். அமெரிக்கர்களின் லெட்டர் தாள் ஏறக்குறைய 216 × 279. வழக்கு ஆங்கிலத்தில் இரண்டும் சிமிலர், ஏனென்றால் அளவு கிட்டத்தட்ட ஒன்று. வடிவியலில் அவை சிமிலர் அல்ல: ஏ4 தாளின் நீள அகல விகிதம் 1.414, லெட்டருடையது 1.294. ஏ4 தாளையும் ஏ3 தாளையும் எடுத்தால் கதை தலைகீழ். ஏ3 தாள் 297 × 420, பரப்பு இரு மடங்கு, ஆனால் விகிதம் ஒன்றே. வடிவியலில் அவை சிமிலர். கடைக்காரரிடம் ஏ4 கேட்டு, ‘சிமிலராக இருக்கிறது’ என்று ஏ3 கொடுத்தால் யாரும் வாங்கிக்கொள்ள மாட்டோம்.

இன்சுலினை வைத்து நாளை எழுதுகிறேன். உங்கள் துறைக்கு அது நேராகப் பொருந்தும்.

ஜூன் 3, காலை

பட்டியலில் உள்ள சொற்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஒரே மூலக்கூறில் வேலை இருக்கிறது.

மனித இன்சுலினின் ஏ சங்கிலியில் 21, பி சங்கிலியில் 30, ஆக 51 அமினோ அமிலங்கள். பன்றி இன்சுலின் ஓரிடத்தில்தான் வேறுபடும்: பி30இல், அதாவது பி சங்கிலியின் 30ஆம் இடத்தில், மனிதருக்குத் திரியோனைன், பன்றிக்கு அலனைன். மாட்டு இன்சுலின் மூன்று இடங்களில் வேறுபடும்: ஏ8இல் திரியோனைன் இருந்த இடத்தில் அலனைன், ஏ10இல் ஐசோலூசின் இருந்த இடத்தில் வேலைன், பி30இல் மறுபடி அலனைன்.

பன்றி இன்சுலினுக்கும் மனித இன்சுலினுக்கும் இடையே ஐடென்டிட்டி 98%, அதாவது 51இல் 50. மாட்டு இன்சுலினுக்கு 51இல் 48, அதாவது 94.1%. இது எண்ணிச் சொல்வது, கருத்துக்கு இடமில்லை.

சிமிலாரிட்டி வேறு கணக்கு. ஐசோலூசினும் வேலைனும் குணத்தில் நெருங்கியவை. ஒரு அமினோ அமிலம் இன்னொன்றாக மாறுவதற்கு மதிப்பெண் தரும் பிளோசம்62 அட்டவணையில் அந்த இணைக்கு +3. திரியோனைன், அலனைன் இணைக்கு 0. பூஜ்யத்துக்கு மேல் வந்தால்தான் ‘பாசிட்டிவ்’ என்று எண்ணப்படும். ஆகவே மாட்டு இன்சுலினில் இரு சங்கிலிகளையும் சேர்த்து 48 ஐடென்டிட்டி, 49 பாசிட்டிவ். சிமிலாரிட்டி 96.1%. அட்டவணையை மாற்றினால் இந்த எண் மாறக்கூடும். அதனால் சிமிலாரிட்டி சதவீதம் எழுதும்போது எந்த அட்டவணை என்று எழுதியே ஆக வேண்டும். ஐடென்டிட்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஹோமாலகஸ் என்பது சதவீதமே அல்ல. மூன்று இன்சுலினும் ஒரே மூதாதை ஜீனிலிருந்து வந்தவை என்ற வரலாற்றுக் கூற்று அது. உறவுமுறை போல. ஒருவர் உங்கள் சித்தப்பா மகனாக இருப்பார், அல்லது இருக்க மாட்டார். 94% சித்தப்பா மகன் என்று யாரும் சொல்வதில்லை. வரிசை ஒத்திருப்பது அந்த உறவுக்கான சான்று, அந்த உறவே அல்ல. ‘94% ஹோமாலஜி’ என்று எழுதாதீர்கள். 1987இல் ஃபிட்ச், டூலிட்டில், ஜூக்ஸ் உள்ளிட்ட 11 ஆய்வாளர்கள் சேர்ந்து ‘செல்’ இதழுக்கு எழுதிய கடிதம் இந்தக் குழப்பத்தைப் பற்றியதே. அதற்குப் பிறகும் அந்தப் பிழை ஓயவில்லை.

அடுத்து லிஸ்ப்ரோ, மருந்தாகத் தரும் ஒரு மாற்றியமைத்த மனித இன்சுலின். பி28இல் உள்ள புரோலினையும் பி29இல் உள்ள லைசினையும் இடம் மாற்றிச் செய்தது. 51இல் 49 பொருந்தும், 96.1% ஐடென்டிட்டி. எதையும் சேர்க்கவில்லை, எடுக்கவில்லை, ஆகவே மூலக்கூறு வாய்பாடு மனித இன்சுலினுடையதே. நிறையும் அதே 5808 டால்டன்தான். வாய்பாடு ஐடென்டிகல், மூலக்கூறு ஐடென்டிகல் அல்ல. இதை இன்சுலின் அனலாக் என்பார்கள். அந்த ஒரு இடமாற்றத்தால் ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் சேர்ந்திருக்கும் கூட்டு எளிதில் பிரிகிறது, மருந்து விரைவாக ரத்தத்தில் கலக்கிறது. மாட்டு இன்சுலினின் சிமிலாரிட்டியும் 96.1, லிஸ்ப்ரோவின் ஐடென்டிட்டியும் 96.1. எண் ஒன்றாக இருப்பதால் பொருள் ஒன்றாகிவிடவில்லை.

வேறொரு நிறுவனம் லிஸ்ப்ரோவையே செய்து, ஏற்கெனவே அனுமதி பெற்ற லிஸ்ப்ரோவோடு ஒப்பிட்டு அனுமதி வாங்கினால் அது பயோசிமிலர். லிஸ்ப்ரோ மனித இன்சுலினின் பயோசிமிலர் அல்ல, அனலாக். புதிய லிஸ்ப்ரோ பழைய லிஸ்ப்ரோவின் அனலாக் அல்ல, பயோசிமிலர். இந்த இரண்டையும் மாற்றிப் போட்ட வாக்கியத்தில் தவறுவது நடையல்ல, மருந்து.

ஜூன் 3, மாலை

ஏ4, ஏ3 பற்றிச் சொன்னதில் திருத்தம். ஏ வரிசை 1க்கு √2 என்ற விகிதத்தில் வரையறுக்கப்பட்டாலும், வெட்டும் அளவுகள் முழு மில்லிமீட்டருக்குச் சுருக்கப்படுகின்றன. 297 ÷ 210 = 1.4143. 420 ÷ 297 = 1.4141. கண்டிப்பாகப் பார்த்தால் அவை வடிவியல் பொருளில் சிமிலர் அல்ல, கோட்பாட்டு வடிவங்கள்தான் சிமிலர். கணிதச் சொல்லை அளந்த பொருளுக்குப் பயன்படுத்தும்போது எத்தனை தசமம் வரை என்ற கேள்வி எப்போதும் பின்னால் நிற்கிறது.

ஜூன் 4

ஒருவர் கேட்டிருக்கிறார்: ஐடென்டிட்டி எண்ணிச் சொல்வது, கருத்துக்கு இடமில்லை என்றீர்களே, நீளம் வேறான வரிசைகளில் எதால் வகுப்பது?

நேற்று அவசரப்பட்டுவிட்டேன். எதால் வகுக்கிறோம் என்பதில் கருத்துக்கு இடம் உண்டு. கிளார்ஜின் என்ற இன்னொரு இன்சுலின் அனலாக்கைப் பாருங்கள். ஏ21இல் அஸ்பரஜின் போய் கிளைசின், பி சங்கிலியின் வாலில் கூடுதலாக இரண்டு ஆர்ஜினின். மொத்தம் 53. மனித இன்சுலினோடு பொருந்துவது 50. மனித இன்சுலின் நீளத்தால் வகுத்தால் 50/51, 98%. வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தும்போது விழும் இடைவெளிகளையும் சேர்த்து, அந்தச் சீரமைத்த நீளத்தால் வகுத்தால் 50/53, 94.3%. இரண்டும் ‘பர்சென்ட் ஐடென்டிட்டி’ என்ற பெயரில்தான் வரும். ஆகவே ஐடென்டிட்டிக்கும் வகு எண்ணைச் சொல்லுங்கள். ‘50/53, இடைவெளி உட்பட’ என்று நேராகப் பின்னத்தையே எழுதிவிட்டால் சொல் சண்டையே இல்லை.

ஜூன் 5

புள்ளியியல் பகுதியில் உங்கள் நெறியாளர் வட்டம் போட்ட ‘சிமிலர்’கள் வேறு வகையாக இருக்கும் என்று நினைக்கிறேன். இரு குழுக்களை ஒப்பிட்டு, பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இந்த அளவோ மேலோ வித்தியாசம் தற்செயலாக வரக்கூடிய வாய்ப்பு) 0.05க்கு மேல் வந்ததும் ‘குழுக்கள் சிமிலர்’ என்று எழுதும் பழக்கம். அதை ‘ஈக்விவலன்ட்’ என்று உயர்த்தினால் பிழை இன்னும் பெரிதாகும்.

ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். குழுவுக்கு 12 பேர், சர்க்கரை அளவின் சராசரி வித்தியாசம் டெசிலிட்டருக்கு 9 மில்லிகிராம், 95% கான்ஃபிடன்ஸ் இன்டர்வல் (உண்மை வித்தியாசம் இருக்கக்கூடிய வீச்சு, இனி ‘இடைவெளி’) −6 முதல் 24 வரை. பி மதிப்பு 0.23 அளவில் வரும். ‘வித்தியாசம் கண்டறியப்படவில்லை’ என்பது உண்மை. ‘ஒத்தவை’ என்பது உண்மையா? வித்தியாசம் 24 வரை இருக்கலாம் என்று அதே தரவு சொல்கிறதே. ஆள் குறைந்தால் இடைவெளி அகலும், இடைவெளி அகன்றால் எல்லாமே ‘சிமிலர்’ ஆகிவிடும். மோசமாகச் செய்த ஆய்வுக்கு இப்படி ஒரு பரிசு கிடைக்கக் கூடாது.

ஈக்விவலன்ட் என்று எழுத வேண்டுமானால் எவ்வளவு வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதல்ல என்று ஆய்வுக்கு முன்பே எல்லை வைக்க வேண்டும். எல்லை ±10 என்றால் 90% இடைவெளி முழுவதும் −10க்கும் +10க்கும் நடுவில் விழ வேண்டும். மேலே சொன்ன கணக்கில் 90% இடைவெளி ஏறக்குறைய −3 முதல் 21 வரை. தேறாது.

ஜெனரிக் மருந்துகளின் பயோஈக்விவலன்ஸ் இந்த வழியில்தான் முடிவாகிறது. ரத்தத்தில் மருந்தின் மொத்த வெளிப்பாடு, உச்ச அளவு இரண்டுக்கும், புதிய மருந்துக்கும் பழையதற்குமான விகிதத்தின் 90% இடைவெளி 80.00க்கும் 125.00க்கும் உள்ளே இருக்க வேண்டும். 120 இல்லாமல் ஏன் 125 என்றால், கணக்கு லாகரிதத்தில் நடக்கிறது. 0.8இன் தலைகீழ் 1.25. ‘ஜெனரிக்கில் மருந்து 20% குறையலாம்’ என்று பலர் படிப்பது தவறு. விகிதம் 95% என்று வந்து இடைவெளி 88 முதல் 103 வரை இருந்தால் தேறும். இடைவெளி 78இல் தொடங்கினால் விகிதம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தேறாது.

எல்லை வைக்கவில்லை, சோதனை செய்யவில்லை என்றால் எளிய சொல்லே நேர்மையானது: சராசரி இவ்வளவு, இவ்வளவு, இடைவெளி இது. பெயரடையே வேண்டாம்.

ஜூன் 5, சேர்க்கை

‘கம்பேரபிள்’ பற்றித் தனியாக ஒரு வரி. இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள்: ஒப்பிடத் தக்கது, ஏறக்குறைய சமமானது. ‘முடிவுகள் கம்பேரபிள் அல்ல’ என்று எழுதினால், முடிவுகள் வேறுபட்டனவா, அளந்த முறையே வேறு என்பதால் ஒப்பிட முடியாதா என்று தெரியாது. எதிர்மறையில் இந்தச் சொல்லை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

ஜூன் 7

இலக்கணம். சொல் சரியாக இருந்தும் பின்னால் வரும் ஒட்டு தவறினால் படிப்பவர் அங்கேயே நின்றுவிடுவார்.

சிமிலருக்குப் பின் ‘டு’. ‘சிமிலர் லைக்’ இல்லை, ‘சிமிலர் வித்’ இல்லை. சேமுக்குப் பின் ‘ஆஸ்’, முன்னால் ‘த’ கட்டாயம். ‘போத் ஆர் சேம்’ என்று நாம் பேசுவதில் அந்த ‘த’ விழுந்துபோகிறது. ‘சேம் லைக் திஸ்’ என்பது ‘அதே மாதிரி’யை அப்படியே ஆங்கிலத்தில் கொட்டியது. ஐடென்டிகல் ‘டு’. அனலாகஸ் ‘டு’. ஹோமாலகஸ் ‘டு’.

அலைக் பெயர்ச்சொல்லுக்கு முன் வராது. ‘த டூ சாம்பிள்ஸ் ஆர் அலைக்’ சரி, ‘அலைக் சாம்பிள்ஸ்’ தவறு. அதற்குப் பின் ‘டு’ போட்டு இன்னொரு பொருளைச் சேர்க்கவும் முடியாது.

லைக்கும் அலைக்கும் வேறு வேலை செய்கின்றன. லைக்கில் திசை உண்டு. மகன் அப்பாவைப் போல என்போம், அப்பா மகனைப் போல என்று சாதாரணமாகச் சொல்ல மாட்டோம். தெரிந்ததை அளவுகோலாக வைத்துத் தெரியாததைச் சொல்வது லைக். அலைக் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கும். கட்டுப்பாட்டுக் குழு இருக்கும் ஆய்வில் கட்டுப்பாடே அளவுகோல், ஆகவே புதியதைத்தான் எழுவாயாக வைத்து அதை மற்றதற்கு ஒப்பிட வேண்டும். திருப்பிப் போட்டால் இலக்கணம் சரியாக இருந்தும் படிக்க நெருடும்.

ஜூன் 8

‘ஐடென்டிகல் வித்’ தவறா என்று கேட்கிறார்கள். தவறல்ல. பழைய நூல்களிலும் தத்துவ எழுத்திலும் நிறைய வரும். நேற்று ‘டு’ மட்டும் சொன்னது போதாது. ஒரே ஆய்வேட்டில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

ஜூன் 10

வேதியியல் படித்த ஒருவர் கோபமாகவே எழுதியிருக்கிறார்: ஹோமாலகஸ் என்றால் பொது மூதாதை என்கிறீர்கள், மீத்தேனுக்கும் ஈத்தேனுக்கும் யார் மூதாதை?

அவர் சொல்வது நியாயம். கரிம வேதியியலில் ஹோமாலகஸ் வரிசை என்பது ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன் என்ற அலகு கூடிக்கூடிச் செல்லும் சேர்மங்களின் வரிசை, தமிழில் படிவரிசை. வம்சாவளிக்கு அங்கே இடமில்லை. சொல் ஒன்று, துறை இரண்டு, சோதனையும் இரண்டு. ‘உயிரியலில்’ என்ற சொல்லை 3ஆம் தேதிக் குறிப்பில் நான் சேர்த்திருக்க வேண்டும்.

அனலாக் விஷயத்தில் இது இன்னும் கூர்மையானது. உயிரியலில் அனலாகஸ் என்றால் செயல் ஒன்று, தோற்றுவாய் வேறு: பூச்சியின் இறக்கை, பறவையின் இறக்கை. மருந்து வேதியியலில் ஸ்ட்ரக்சுரல் அனலாக் என்றால் அமைப்பு நெருங்கியது, செயல் நேர் எதிராகக்கூட இருக்கலாம். ஒரு துறையில் அமைப்பைத் தள்ளிவைக்கும் சொல், இன்னொன்றில் அமைப்பைத்தான் குறிக்கிறது. உயிர்வேதியியல் இரண்டுக்கும் நடுவில் நிற்பதால் உங்கள் ஆய்வேட்டில் இரண்டு பொருளும் அடுத்தடுத்த பக்கங்களில் வரலாம். ஸ்ட்ரக்சுரல், ஃபங்ஷனல் என்ற அடைமொழி இல்லாமல் அனலாக் என்று எழுதாதீர்கள். இன்சுலின் அனலாக் போல நிலைபெற்ற தொடர்களுக்கு மட்டும் விலக்கு.

உயிரியலுக்குள்ளேயே இன்னொரு முடிச்சு. வவ்வால் இறக்கையும் பறவை இறக்கையும் ஹோமாலகஸா, அனலாகஸா? முன்னங்கால் என்ற வகையில் ஹோமாலகஸ், இறக்கை என்ற வகையில் அனலாகஸ். முன்னங்கால் பொது மூதாதையிடமிருந்தே வந்தது, பறக்கும் அமைப்பு இரண்டிலும் தனித்தனியாக உருவானது. ‘எந்த வகையில்’ என்பதை வாக்கியத்திலிருந்து எடுத்துவிட்டால் இரு விடையும் சரி, இரு விடையும் தவறு.

நம் பள்ளிப் பாடநூல்கள் இதில் ஆங்கிலத்தைவிட ஒரு படி முன்னே போகின்றன. ஹோமாலகஸ் உறுப்பு ‘அமைப்பொத்த’, அனலாகஸ் உறுப்பு ‘செயலொத்த’, சிமிலர் முக்கோணம் ‘வடிவொத்த’. எதில் ஒப்பு என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வடிவொத்த என்று படித்த பிள்ளைக்கு ஏ4, லெட்டர் தாள் குழப்பம் வரவே வராது. ஆங்கிலம் ‘சிமிலர்’ என்று மட்டும் சொல்லிவிட்டு எதில் என்பதை வரையறைக்குள் ஒளித்து வைக்கிறது.

ஜூன் 11

நேற்று பாடநூலைப் பாராட்டியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். ‘அமைப்பொத்த’ என்பது ஹோமாலகஸின் அடையாளத்தைச் சொல்கிறது, உள்ளடக்கத்தைச் சொல்லவில்லை. பொது மூதாதை என்ற கருத்து அந்தச் சொல்லில் இல்லை. தமிழ் வழியில் படித்து ஆங்கிலத்தில் எழுத வருபவர்கள், அமைப்பு ஒத்தால் ஹோமாலகஸ் என்று எழுதிவிடும் ஆபத்து அங்கிருந்து வரலாம். வடிவொத்த சரியான சொல். செயலொத்த ஏறக்குறைய சரி. அமைப்பொத்த என்பதை மட்டும் எச்சரிக்கையோடு கையாள வேண்டும்.

ஜூன் 12

‘சேம்’ ஆபத்தில்லாத சொல் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். செய்முறைப் பகுதியில் இதைவிட ஆபத்தான சொல் குறைவு.

தமிழில் ‘அதே பேனா’ வேறு, ‘அதே மாதிரி பேனா’ வேறு. முதலாவது ஒரே பொருள், இரண்டாவது ஒரே வகை. ஆங்கிலத்தில் ‘த சேம் பென்’ இரண்டுக்கும் வரும். ‘எல்லா மாதிரிகளுக்கும் த சேம் காலம் பயன்படுத்தப்பட்டது’ என்று குரோமட்டோகிராஃபி பகுதியில் எழுதினால் (காலம் என்பது கலவையைப் பிரிக்கும் குழாய்), ஒரே குழாயில் 200 முறை ஓட்டினீர்களா, ஒரே மாடலில் மூன்று குழாய் வாங்கினீர்களா என்று தெரியாது. தேய்மானம் பற்றி யோசிக்கும் விமர்சகருக்கு அதுதான் முதல் கேள்வி. ஒரே பொருள் என்றால் ‘எ சிங்கிள் காலம்’ என்று எழுதி எத்தனை முறை ஓட்டினீர்கள் என்று சேருங்கள். ஒரே வகை என்றால் ‘த்ரீ காலம்ஸ் ஆஃப் த சேம் மாடல்’ என்று எழுதி, தயாரிப்புத் தொகுதி ஒன்றா வேறா என்று சொல்லுங்கள். ஊசி, பிப்பெட் முனை, எலி, நோயாளி எல்லாவற்றுக்கும் இதே விதி. ‘த சேம் பேஷன்ட்ஸ்’ என்றால் அதே ஆட்கள். வேறு ஆட்கள், வயதும் பாலும் பொருத்தி எடுத்தவர்கள் என்றால் ‘மேச்சுடு’, எதை வைத்துப் பொருத்தினீர்கள் என்ற பட்டியலோடு.

நிரலெழுதுபவர்கள் இதைத் தெளிவாகப் பிரித்துவிட்டார்கள். பைத்தானில் இரண்டு தனிப் பட்டியல்களில் ஒரே எண்கள் இருந்தால் இரட்டைச் சமக்குறி உண்மை என்று சொல்லும், ‘இஸ்’ பொய் என்று சொல்லும். பிஎச்பியில் எண் 5உம் மேற்கோளுக்குள் உள்ள 5உம் ஈக்வல், ஆனால் ஐடென்டிகல் அல்ல. அங்கே இவை அலங்காரச் சொற்களல்ல, குறிகளின் பெயர்கள்.

ஜூன் 15

பயோசிமிலர் பற்றி 3ஆம் தேதி எழுதியதோடு சேர்க்க வேண்டியது. இந்தச் சொல் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவின் 2012, 2016 வழிகாட்டுதல்களில் ‘சிமிலர் பயோலாஜிக்’. உலக சுகாதார நிறுவனத்தின் 2009 ஆவணத்தில் ‘சிமிலர் பயோதெரப்யூடிக் ப்ராடக்ட்’. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ‘பயோசிமிலர்’. அமெரிக்கச் சட்டத்தில் அதற்கு மேல் ‘இன்டர்சேஞ்சபிள்’ என்று ஒரு படியும் உண்டு. எந்த நாட்டு அனுமதியைப் பற்றி எழுதுகிறீர்களோ அந்த நாட்டின் சொல்லையே வையுங்கள். ‘பயோஐடென்டிகல்’ என்று யாராவது எழுதியிருந்தால் நகலெடுக்காதீர்கள். உயிருள்ள செல்லில் செய்த புரதங்கள் பலவற்றின் சர்க்கரைச் சங்கிலிகள் ஒரே ஆலையில் தொகுதிக்குத் தொகுதியே சற்று மாறும். சிமிலர் என்ற அடக்கமான சொல்லை அங்கே யோசித்துத்தான் தேர்ந்திருக்கிறார்கள்.

சட்டத்திலும் இப்படித்தான். இந்திய வணிகக் குறிச் சட்டம் 1999இல் உள்ள ‘டிசெப்டிவ்லி சிமிலர்’ ஒரு கட்டுண்ட தொடர். வாங்குபவர் ஏமாறவோ குழம்பவோ கூடிய அளவுக்கு நெருங்கியது என்று வரையறை. ஏமாற்றும் நோக்கம் இருந்ததா என்பது அந்த வரையறையில் இல்லை. 2001இல் கேடிலா என்ற மருந்து நிறுவனத்தின் வழக்கில், ஃபால்சிகோ, ஃபால்சிடாப் என்ற இரு மலேரியா மருந்துப் பெயர்களை முன்னிட்டு, மருந்து என்றால் இந்தச் சோதனை இன்னும் கடுமையாக இருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அந்தத் தொடரை ‘வெரி சிமிலர்’ என்று எளிமையாக்கினால் சட்டப் பொருள் மொத்தமாகப் போய்விடும்.

எளிய சொல்லே துறைச் சொல்லான இடமும் உண்டு. பார்க்கவோ கேட்கவோ ஒன்றுபோல இருக்கும் மருந்துகளை மருத்துவமனைகளில் ‘லுக் அலைக், சவுண்ட் அலைக்’ என்றே சொல்கிறார்கள். ரத்த அழுத்த மருந்தான ஹைட்ரலசின், ஒவ்வாமை மருந்தான ஹைட்ராக்சிசின், இப்படிப்பட்ட இணைகள். இதை ‘விஷுவலி சிமிலர்’ என்று உயர்த்தினால், தேடுபவர் கண்ணில் உங்கள் கட்டுரை படாமலே போகும்.

ஜூன் 18

‘ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதக் கூடாது என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்களே’ என்பதற்கு.

கதைக்கும் கடிதத்துக்கும் அது சரியாக இருக்கலாம். இங்கே வேண்டாம். முதல் பத்தியில் சிமிலர், இரண்டாவதில் கம்பேரபிள், மூன்றாவதில் ஈக்விவலன்ட் என்று எழுதினால், படிப்பவர் மூன்று உறவு, மூன்று சோதனை என்று நினைத்துத் தேடுவார். ஆங்கில நடை நூலார் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதற்கு ‘எலிகன்ட் வேரியேஷன்’ என்று பெயர் வைத்துக் கண்டித்தார்கள். நேரியல் இயற்கணிதத்தில் அணிகளுக்கு சிமிலர், கன்க்ரூயன்ட், ஈக்விவலன்ட் மூன்றும் மூன்று வரையறை. அங்கே நடைக்காகச் சொல் மாற்றியவர் தேற்றத்தையே மாற்றிவிடுவார்.

எழுத்துத் திருட்டுச் சோதனை மென்பொருளில் வரும் ‘சிமிலாரிட்டி’ எண்ணைக் குறைக்கச் சொல் மாற்றுவது இதைவிட மோசம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளில் 10% வரை தண்டனை இல்லை. மேற்கோள் காட்டி எடுத்தவை, நூற்பட்டியல், பொதுச் சொற்கள் ஆகியவை கணக்கிலேயே சேராது. ஆகவே துறைச் சொல்லை மாற்ற எந்தத் தேவையும் இல்லை. மாற்றியவர்கள் ‘பிரெஸ்ட் கேன்சர்’ என்பதை ‘பூசம் பெரில்’ (‘மார்பு ஆபத்து’ என்பது போல) ஆக்கி அச்சேற்றியிருக்கிறார்கள். 2021 முதல் இப்படிப்பட்டவற்றை ‘டார்ச்சர்டு ஃபிரேசஸ்’ என்று பெயரிட்டுத் தேடிப் பிடிக்கிறார்கள். உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் வரக் கூடாது.

ஜூன் 21

விவாதம் சொல்லின் வேருக்குப் போய்விட்டது, எனக்கும் அது பிடித்த இடம். ஆங்கிலத்தின் சேம் பழைய நோர்ஸிலிருந்து வந்தது, அதாவது ஸ்கேண்டிநேவிய மொழியிலிருந்து. சிமிலர் லத்தீனிலிருந்து, ஹோமோ என்ற முன்னொட்டு கிரேக்கத்திலிருந்து. மூன்றும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேர். நாம் வழங்கும் ‘சமம்’ என்பதன் மூலமான சமஸ்கிருத ‘சம’வும் அதே குடும்பம். மொழியியலில் இந்த உறவுக்குப் பெயர் காக்னேட். உயிரியலில் ஹோமாலகஸ் செய்யும் வேலை.

‘ஒன்று’, ஆங்கிலத்தின் ‘ஒன்’ இரண்டும் காதுக்கு எவ்வளவு நெருக்கம்! ஆனால் காக்னேட் அல்ல. ஒன்று திராவிட வேர், கன்னடத்தின் ‘ஒந்து’தான் அதன் உடன்பிறப்பு. ஒன் இந்தோ-ஐரோப்பிய வேர். சிமிலராக ஒலிக்கும், ஹோமாலகஸ் அல்ல. ஒலி ஒப்பு வேறு, வம்சம் வேறு என்பதற்கு வகுப்பில் இந்த இணையைச் சொன்னால் உடனே பிடிபடும்.

ஜூன் 24

கேள்வி கேட்டவர் செய்ய வேண்டியதை வேலையாகவே சொல்லிவிடுகிறேன்.

கோப்பைத் திறந்து சிமிலர், சேம், லைக், அலைக், ஈக்வல், ஈக்விவலன்ட், ஐடென்டிகல், கம்பேரபிள், ஹோமால, அனலா என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். கடைசி இரண்டையும் பாதியில் விட்டதற்குக் காரணம், ஹோமாலகஸ், ஹோமாலஜி, ஹோமாலாக் மூன்றும் மாட்ட வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் ஓரத்தில் இரண்டு சொல் எழுதுங்கள்: எதில், எதனால். எதில் ஒத்திருக்கிறது, அதை எதனால் அறிந்தீர்கள்.

‘எதில்’ வெறுமையாக இருந்தால் சொல்லை மாற்றாதீர்கள், வாக்கியத்தை நிரப்புங்கள். ‘சிமிலர்’ என்று நின்றதை ‘நீளத்திலும் மின்சுமையிலும் சிமிலர்’ ஆக்கினால் நெறியாளரின் வட்டம் தானாகக் கரையும். ‘எதனால்’ என்பதற்கு ‘கண்ணால் பார்த்து’ என்பதே விடை என்றால் ‘ரிசெம்பிள்ஸ்’ அல்லது ‘லுக்ஸ் லைக்’ போதும், அதில் வெட்கம் இல்லை. புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் பட்டைகள் ஒரே உயரத்தில் தெரிந்தன என்றால் அதையே எழுதுங்கள். ஐடென்டிகல் புரதம் என்று எழுத அந்தப் படம் போதாது, மூலக்கூறு எடை நெருங்கிய வேறு புரதமும் அங்கேதான் நிற்கும். விடை ஒரு எண் என்றால் எண்ணை எழுதி, வகு எண்ணையோ அட்டவணையையோ எல்லையையோ பக்கத்தில் வையுங்கள். வம்சாவளி மரம் வரைந்து காட்டியிருந்தால், அல்லது முந்தைய ஆய்வு காட்டியதை மேற்கோள் காட்ட முடிந்தால், ஹோமாலகஸ்.

இதைச் செய்து முடித்ததும் எத்தனை சிமிலர் அப்படியே தங்கின என்று இங்கே எழுதுங்கள்.

ஜூன் 29, கேள்வி கேட்டவர்

37 இடம் இருந்தது. 21 இடத்தில் சிமிலர் அப்படியே தங்கியது, ‘எதில்’ மட்டும் சேர்த்தேன். 9 இடத்தில் எண் வந்தது. 5 இடத்தில் வாக்கியத்தையே எடுத்துவிட்டேன், சொல்ல ஒன்றும் இல்லை. ஹோமாலகஸ் ஆனது இரண்டே இடம்.

ஜூன் 29, இரவு

அந்த இரண்டு இடத்திலும் ஆர்த்தோலாக், பாராலாக் எது என்று பாருங்கள். இரு இனங்கள் பிரிந்தபோது பிரிந்த ஜீன் என்றால் ஆர்த்தோலாக், ஒரே இனத்துக்குள் ஜீன் இரட்டித்துப் பிரிந்தது என்றால் பாராலாக். எலிக்கும் சுண்டெலிக்கும் இன்சுலின் ஜீன் இரண்டு உண்டு. அவற்றை மனித இன்சுலினோடு வைத்து ‘ஹோமாலகஸ்’ என்று மட்டும் எழுதினால், எந்த ஜீனைச் சொல்கிறீர்கள் என்று அடுத்த வட்டம் விழும்.